மீட்டர் ஓடாத நேரம்

உரிம எண் நானூற்றுப் பன்னிரண்டு.
மனைவியின் பங்கு நிலத்தை விற்று
தொண்ணூற்றொன்றில் வாங்கினேன்.
லிரா நோட்டுகளை எண்ணி முடிப்பதற்குள்
நோட்டரியின் மேசையில் இரண்டு காப்பி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு ஐந்து கார் மாற்றிவிட்டேன்,
காகிதம் மட்டும் அதேதான்.
அரசாங்க ஓய்வூதியம் வாடகைக்குச் சரியாய்ப் போகும்,
மிச்ச ஆயுளுக்கு இதை விற்றுக்கொள்ளலாம் என்று
ஜெனோவாவின் எல்லா டாக்ஸிக்காரர்களையும் போல
நானும் நிம்மதியாய்த் தூங்கினேன்.

ரோமிலிருந்து சீர்திருத்தம்
மூன்று முறை வந்தது.
புதிதாய் இருநூறு உரிமங்கள், என்றார்கள்.
மூன்று முறையும்
தெ ஃபெராரி சதுக்கத்தில் வண்டிகளைக் குறுக்கே போட்டு
ஹாரன் அடித்தே திருப்பி அனுப்பினோம்.
கடைசி முறை விசில் கொண்டுபோனது நான்தான்.
பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது அன்று.
மழை விட்டிருந்தது. யாரோ ஃபொகாச்சா ரொட்டியைப் பிய்த்துப் பங்கிட்டார்கள்.

பிப்ரவரியில் எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்தார்கள்.
ஒரு வாரம் வண்டி தொடக்கூடாது.
நான்காம் நாள் தெல்ஃபீனா குளியலறையில் விழுந்தாள்.
எலும்பில் கீறல்தான், முறிவில்லை,
வீட்டுக்குப் போகலாம், என்றார்கள் சான் மார்த்தீனோவில்,
இரவு பத்தேமுக்காலுக்கு.
கட்டிலுக்கு அடுத்தவர் காத்திருந்தார்.

வாசலில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர்.
ஒருவர் கையில் சிறுநீர்ப் பை, மேலே மடித்த செய்தித்தாள்.
இரண்டு சகோதரிகள், யார் நோயாளி என்று சொல்ல முடியாது.
அறுபதுக்குக் கீழே ஒரே ஒருத்தி:
சீருடைமேல் கோட்டு போட்ட நர்ஸ்,
கடைசி பஸ்ஸை விட்டவள்,
காலை ஆறுக்கு மறுபடி வரவேண்டியவள்.

ரேடியோ டாக்ஸியை அழைத்தேன்.
அந்த எண்ணில் ஒரு பியானோ ஓடும் என்பது
முப்பது வருடத்தில் அன்றுதான் தெரிந்தது.
கவீனோ எடுத்தான்.
"இவோ, நீயா? வண்டி இல்லையப்பா. உனக்குத் தெரியாததா?"

தெரியாததா.
நான் வாங்கிய வருடம் எத்தனை வண்டியோ
இன்றும் அத்தனைதான்.
ஊர்தான் வளர்ந்தது,
அகலத்தில் இல்லை, வயதில்.

'கொள்ளைக்காரன்கள்' என்றார் சிறுநீர்ப் பைக்காரர்.
சங்க முத்திரை தெரியாதபடி
கோட்டுக் காலரை மடித்துவிட்டேன்.
சக்கர நாற்காலியைத் திருப்பிக் கேட்டு
காவலாளி இரண்டு முறை வந்துபோனான்.
தெல்ஃபீனா வலியோடு சிரித்தாள்:
"நீங்கள் விரட்டின அந்த இருநூறு பேரில்
ஒருத்தன் இப்போது வந்தால் போதும்."
ஒரு மணி நாற்பது நிமிடம்.

ஏப்ரலில் நான்காம் முறை வந்தது சீர்திருத்தம்.
இந்த முறை ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள், ரவேரா என்று பெயர்.
பலகையில் ஒரு கோடு போட்டாள்.
தொகுதியில் ஈட்டியது, பகுதியில் உழைத்த மணிகள்.
உற்பத்தித்திறன் இவ்வளவுதான், என்றாள்.
"ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மணிகளை
எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?" என்றேன்.
பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எந்தப் பக்கமும் இல்லை. மீட்டர் இன்னும் ஓடவில்லையே."
மழுப்பாததற்காக அவளைப் பிடித்துப்போனது.
எங்கள் காகிதத்துக்கு இழப்பீடு உண்டாம்,
ஐந்து வருடத்தில், பகுதி பகுதியாய்.
தெல்ஃபீனாவின் நிலத்தில் பாதி தேறாது.

எனக்கு வலப்பக்கம் லொரிஸ்.
முப்பத்துநாலு வயது. போன வருடம்தான் வாங்கினான்,
உச்ச விலைக்கு, முழுக்க வங்கிக் கடனில்.
அவனுக்கு நிலமும் இல்லை, தூங்கிய வருடங்களும் இல்லை.
புரை எடுத்த கண்ணுக்கு
எல்லாம் வேண்டாத அளவுக்குத் துலக்கம்.
அவன் நகத்தைக் கடிப்பது தெரிந்தது.

கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன்.
லொரிஸ் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான்.
ஆதரவு பதினாறு, என்றார் செயலாளர்.
அவருக்கு என்னைத் தெரியும், விசிலையும் தெரியும்,
காது சொறியத் தூக்கினேன் என்று நினைத்திருப்பார்.

மறுபடி எண்ணுங்கள், என்றேன்.